இரண்டு வான்கோழிக்கு ஒரு துப்பாக்கி

திருடன் பட்டப்பகலில்தான் வந்தான். டிரீமா அண்ணி ஊருக்குள் பியூட்டி பார்லரில் யாருக்கோ முடி சுருட்டிக்கொண்டிருந்த நேரம். என் அண்ணன் டெல்பர்ட் வழக்கம்போல ஓஹையோ ஆற்றில், நிலக்கரிப் படகுகளைத் தள்ளிக்கொண்டு போகும் கப்பலில் இருந்தான். ஏறினால் ஒரு மாதம் கழித்துத்தான் வீடு திரும்புவான். மலை மடிப்புக்குள் கடைசி வீடு அவர்களுடையது. அதற்குமேல் ஓடையும் காடும்தான்.

டி.வி. போயிருந்தது. மரம் அறுக்கும் மிஷின் போயிருந்தது. அண்ணி அதற்கெல்லாம் அழவில்லை. நான் பள்ளிக்கூட பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓடி வந்தபோது, அடுப்பங்கரையில் காலிப் பாத்திரத்தைப் பார்த்தபடி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உக்காந்து சாப்ட்டுட்டுப் போயிருக்கான்டி ஓலீட்டா! என் பீன்ஸை! என் நாற்காலியிலயே உக்காந்து! வெங்காயம் வேற நறுக்கிப் போட்டுக்கிட்டிருக்கான் பாரு, மகராசன்!"

"சோள ரொட்டி?"

"ஒரு துண்டு மிச்சம் வெச்சிருக்கான். மரியாதை தெரிஞ்சவன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தாள், அவளுக்கும் வந்துவிட்டது. ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தபோது நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அவர் தொப்பியைக் கழற்றி, "அழாதீங்கம்மா" என்றார். போகும்போது, "உள்ளதைச் சொல்றேன், டவுன்லேர்ந்து நாங்க இங்க வந்து சேர்றதுக்குள்ள அவன் பாத்திரத்தைக் கழுவி கவுத்து வெச்சுட்டே போயிடலாம். வீட்ல ஏதாவது ஒண்ணு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அண்ணனுடைய மான் வேட்டைத் துப்பாக்கி. நிறுத்திவைத்தால் அண்ணியின் கழுத்து வரை வரும். அதை வீட்டுக்குள் சுட்டால் குண்டு சுவரைத் துளைத்து, ஓடையைத் தாண்டி, யார் வீட்டு ஃபிரிட்ஜிலாவது போய்த்தான் நிற்கும். அண்ணிக்கு ஏற்றதாக, அவள் சம்பளத்துக்குள் அடங்குவதாக ஒன்று வேண்டும். அவளோ லெக்சிங்டன் நகரத்தில் வளர்ந்தவள், ஒரு நாளும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. துணைக்கு நான். சின்ன வயதில் தகர டப்பாக்களைச் சுட்டிருக்கிறேன். அவ்வளவுதான் என் ஞானம்.

சனிக்கிழமை டவுனில் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். டஸ்டின் என்று ஒரு தாடிக்காரன் விற்பனைக்கு நின்றான். அண்ணியைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே உற்சாகம். கன்னங்கரேலென்று ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். டார்ச் லைட், தொலைநோக்கி, பிடி, மடக்குக் கால் எல்லாம் அதில் இருந்தன.

அண்ணி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "தம்பி, இது துணியும் துவைக்குமா?"

"இல்லீங்க மேடம்."

"என் காரே இந்த விலைக்கு வராதேப்பா. அதுல ரேடியோ வேற இருக்கு."

டஸ்டின் மனம் தளரவில்லை. அடுத்து ரோஜாப்பூ நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்தான். விலை கட்டுப்படியாகிற மாதிரி இருந்தது. "லேடீஸுக்குன்னே செஞ்சது மேடம்" என்றான்.

"லேடீஸ் என்ன, திருடனுக்குப் பிறந்தநாள் பரிசு குடுக்கப் போறோமா?" என்றாள் அண்ணி. ஆனாலும் சுட்டுப் பார்க்கலாம் என்றதும் மறுக்கவில்லை.

கடைக்குப் பின்னால் சுட்டுப் பழகும் கூடம். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றோம். அண்ணி இரண்டு கையாலும் அந்தப் பூவைப் பிடித்து, மூச்சை இழுத்து, ஒரு தடவை சுட்டாள். வெளியே தெறித்த காலித் தோட்டா காய்ச்சிய ஆணி மாதிரி நேராக அவள் ரவிக்கைக் கழுத்துக்குள் இறங்கிவிட்டது.

துப்பாக்கியைப் பத்திரமாகக் கீழே வைத்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். அதற்கப்புறம் அவள் ஆடினாள் பாருங்கள், அப்படியோர் ஆட்டத்தை எங்கள் ஊர் எந்தக் கல்யாணத்திலும் கண்டதில்லை. குதித்தாள், சுழன்றாள், "எடுடி, எடுடி!" என்று என்னை இழுத்தாள். நான் எங்கே என்று எடுப்பது? டஸ்டின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான், தோள் மட்டும் குலுங்கிற்று. இரண்டாவது தடவை சுட்டபோது அந்தப் பூ பாதியில் சிக்கி, வாயைத் திறந்துகொண்டு நின்றுவிட்டது.

"இதுக்கு நான் ஓட்டை வாளியே வாங்கிக்கலாம்" என்றாள் அண்ணி.

காரில் வரும்போதுதான் எனக்கு யோசனை உதித்தது. "நாளைக்கு ஃபயர் ஸ்டேஷன்ல வான்கோழிப் போட்டி அண்ணி! ஊர்ல இருக்கற அத்தனை துப்பாக்கியும் அங்க வரும். ஒவ்வொருத்தர்கிட்டயா இரவல் வாங்கி சுட்டுப் பாரு. உனக்கு எது ஒத்துவருதோ அந்த மாதிரி பழசா ஒண்ணு தேடிக்கலாம்."

"ஜெயிக்கணுமா?"

"ஜெயிக்கறதா! நீயா!" என்று நான் வழியெல்லாம் சிரித்தேன்.

எங்கள் ஊரில் தீயணைக்கிறவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. நவம்பர் மாதத்தில் இந்தப் போட்டி வைத்துத்தான் வண்டிக்கு டயர் வாங்குவார்கள். வான்கோழியை யாரும் சுடுவதில்லை, அது உறைந்து பெட்டிக்குள் கிடக்கும். ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையில் பெருக்கல் குறி. ரவைத் தோட்டா போட்டு ஒரே ஒரு முறை சுட வேண்டும். சிதறுகிற ரவைகளில் யாருடையது குறிக்கு மிக அருகே விழுகிறதோ அவருக்கு வான்கோழியோ, புகைபோட்ட பன்றித் தொடையோ பரிசு. பாதி கை, பாதி அதிர்ஷ்டம்.

போட்டியை நடத்துகிறவர் பர்ல் கோம்ப்ஸ். பீப்பாய் மாதிரி உடம்பு, முட்டை மாதிரி தலை. வருஷா வருஷம் அவரே ஒரு வான்கோழி ஜெயித்துக்கொண்டு போவார். அவருடைய மனைவி நெல்டா உள்ளே பெரிய அண்டாவில் மிளகாய்க் கறி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன தங்கச்சி, வேடிக்கை பாக்கவா?" என்றார் பர்ல்.

"வீட்டுக்குத் துப்பாக்கி மாப்பிள்ளை பாக்க வந்திருக்கேண்ணே" என்றாள் அண்ணி. கூட்டம் சிரித்தது. ஆளாளுக்குத் தங்கள் துப்பாக்கியை நீட்டினார்கள்.

முதலில் ஒரு நெட்டைக்காரருடைய பெரிய இரட்டைக்குழல். "கட்டையைத் தோள்ல நல்லா அழுத்திக்க, கன்னத்தை ஒட்டவை" என்றார்கள். அண்ணி சுட்டாள். இடி இடித்தது. பார்த்தால் அவள் இருந்த இடத்தில் இல்லை. நாலடி பின்னால் ஈரப்புல்லில் உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியின் வாய் மட்டும் சொன்னபடி அட்டைப் பக்கமே பார்த்தது. குல்லாய் எங்கே போனதென்று தெரியவில்லை.

"உசுரோட இருக்கியா?" என்று கத்தினேன்.

"திருடன் இருக்கானான்னு பாருடி!"

அட்டையைக் கொண்டுவந்தார்கள். பெருக்கல் குறியின் நட்டநடுவில் ஒரு ரவை. பர்ல் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "பன்றித் தொடை, டிரீமாவுக்கு" என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் சுட்டா, நான் பாத்தேன்" என்றார் நெட்டைக்காரர்.

"அப்ப நீங்களும் மூடிக்க வேண்டியதுதானே?" என்று உள்ளேயிருந்து நெல்டா குரல் கொடுத்தாள்.

அடுத்த சுற்றுக்கு வேறொருவருடைய ஒற்றைக்குழல். கழுதை உதை. அண்ணி விழவில்லை, ஆனால் பின்பக்கமாகவே நடந்துபோய் என்மேல் சாய்ந்தாள். வான்கோழி! அதற்கடுத்த துப்பாக்கி, அவளைவிடக் கனமானது. நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன், இரண்டு பேரும் சேர்ந்து ஆடிப்போனோம். இன்னொரு வான்கோழி! சமையல் செய்துகொண்டிருந்த பெண்கள் கரண்டியோடு வெளியே வந்து வரிசையாக நின்று கூவினார்கள். ஆண்கள் தங்கள் துப்பாக்கிகளைச் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அண்ணிக்குக் கன்னம் சிவந்து, முடியெல்லாம் பறந்து, வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பு. அந்தத் திருடனை அவள் மறந்தே போனாள் என்று நினைக்கிறேன். எனக்கும் குடிக்காமலேயே தலை கிறுகிறுவென்றிருந்தது.

பர்லுக்கு மட்டும் அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசிச் சுற்றில் அவருடைய லாரியில் மாட்டியிருந்த ஒரு சின்னத் துப்பாக்கியை அண்ணி காட்டினாள். "அதைக் குடுங்கண்ணே."

"அதுவா? என் மகளுக்கு வாங்கினது. கட்டையைக் குட்டையா அறுத்துக் குடுத்தேன். அவ இப்ப சின்சினாட்டியில. சும்மாதான் தொங்குது."

கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்தால் தோட்டா ஏறுகிற பம்ப் துப்பாக்கி. குழல் ஒல்லி, இருபது போர் ரகம், உதை குறைவு. அண்ணி தோளில் வைத்ததுமே அவளுக்கென்று தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. சுட்டாள். தோள் லேசாக அசைந்தது, நின்ற இடத்திலேயே நின்றாள். ரவைகள் குறியைச் சுற்றிலும் விழுந்திருந்தன, நடுவில் ஒன்றுகூட இல்லை. பரிசு வேறு யாருக்கோ போயிற்று.

"இதுதான்" என்றாள் அண்ணி.

"அடியே, இதுலதான் தோத்துட்டியே!" என்றேன்.

"வான்கோழி வேணும்னா அந்தக் கழுதையைக் கேட்டு வாங்கிக்கறேன். வீட்டுக்கு இதுதான். சுட்டதுக்கப்புறமும் நான் நின்னுக்கிட்டிருக்கேன் பாரு!"

பர்ல் ஒரு விலை சொன்னார். நியாயமான விலைதான், ஆனால் அண்ணியின் கையில் அவ்வளவு இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கையில், நெல்டா அண்டாவை விட்டு வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"எங்கே நம்ம வான்கோழி?"

பர்ல் ஒலிபெருக்கியின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"வியாழக்கிழமை நன்றித் திருநாள் விருந்துக்கு எங்கம்மா வீட்டு ஆளுங்க பதினாலு பேர் வர்றாங்க. நீங்க கொண்டுவந்துடுவீங்கன்னு நான் கடையில சொல்லவே இல்லை. பதினாலு பேருக்கு என்ன போடறது, உங்க ஒலிபெருக்கியையா?"

பர்ல் அண்ணியைப் பார்த்தார். அண்ணி எங்கள் வண்டியில் கிடந்த பெட்டிகளைப் பார்த்தாள்.

"ரெண்டு வான்கோழி" என்றாள்.

"பன்றித் தொடையும் சேத்து" என்றார் பர்ல்.

"தொடை எனக்கு. ரெண்டு வான்கோழி, அப்புறம் ஒரு வருஷத்துக்கு உங்களுக்கு முடி வெட்டி விடறேன்."

"அவர் தலையில என்னடி இருக்கு வெட்ட?" என்றாள் நெல்டா. "எனக்கு வெட்டு! ரெண்டு தடவை சுருட்டியும் விடு!" பர்ல் வாயைத் திறப்பதற்குள் அவளே லாரியிலிருந்து துப்பாக்கியை எடுத்து, காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்து, அண்ணியின் கையில் கொடுத்துவிட்டாள். கூட்டம் கைதட்டிற்று. ஒரு பெட்டித் தோட்டாவை நெட்டைக்காரர் சும்மாவே கொடுத்தார். இனிமேல் தன் துப்பாக்கியைக் கேட்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்.

மறுநாள் அண்ணியின் தோள் கத்தரிக்காய் நிறம். கத்தரிக்கோலைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் பார்லரில் நிற்க இடமில்லை, முடிவெட்ட அல்ல, காயத்தைப் பார்க்க. சாயங்காலம் படுக்கையறை அலமாரியில் பூட்டுப் பெட்டி வைத்தோம். சாவியை எங்கே வைப்பதென்று ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். பிறகு கப்பலிலிருந்து அண்ணன் போன் செய்தான்.

"துப்பாக்கி வாங்கிட்டியாமே! எவ்வளவு ஆச்சு?"

"ரெண்டு வான்கோழியும் நெல்டாவோட தலையும்" என்றாள் அண்ணி.

அவள் முழுக் கதையையும் சொன்னாள், ரவிக்கைக்குள் விழுந்த தோட்டா உட்பட. பாதியில் யாரோ கனைத்தார்கள். அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. கப்பலே கெக்கெக்கே என்று சிரித்தது. சமையற்காரர் ஒருவர், "அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை என் பேருக்கும் ஒரு வான்கோழி சுடுங்க!" என்று கத்தினார்.

"தோள் ஆறட்டும் தம்பி!" என்று அண்ணியும் கத்தினாள்.

கதை அந்த வாரத்துக்குள் மூன்று பள்ளத்தாக்குக்குப் பரவி, அண்ணி கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மந்தையையே சுட்டாள் என்று ஆகிவிட்டது. அவள் எதையும் திருத்தவில்லை. அந்தத் திருடன் மறுபடி எட்டிப்பார்க்கவும் இல்லை. பன்றித் தொடையை நாங்கள் இரண்டு பேருமே கிறிஸ்துமஸ் வரை வெட்டி வெட்டித் தின்றோம்.