திண்டு பிடிக்கிறவர்

சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தில் எங்கள் பையன்கள் பதினேழு டேக்கிளைக் கோட்டைவிட்டார்கள். பந்தோடு ஓடி வருகிறவனைத் தோளால் மோதி, கட்டிப்பிடித்துக் கீழே தள்ள வேண்டும். எங்கள் பிள்ளைகளோ வழியனுப்ப வந்த உறவுக்காரர்கள் மாதிரித் தொட்டு அனுப்பிவைத்தார்கள்.

திங்கட்கிழமை தலைமைப் பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர்.

"டேக்கிள் உங்க பொறுப்புண்ணே. வர்ற சனிக்கிழமையும் இப்படியே ஆச்சுன்னா ஸ்கூல்ல வேற ஆளப் பாப்பாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. ஆளுக்குப் பத்து நிமிடம். பஞ்சுத் திண்டை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பேன். அவன் ஓடி வந்து மோதுவான். தோள் எங்கே, தலை எந்தப் பக்கம், கால் எவ்வளவு கிட்டே என்று சொல்வேன். மறுபடி வருவான். பதினொரு வருடமாக இதே பாட்டு. வயது ஐம்பத்துநாலு. இடது முழங்கால் எப்போதோ கைவிட்டுவிட்டது. சொன்னதையே சொல்லி வாயும் சலித்துவிட்டது.

அன்று சாயங்காலம் முதலில் வந்தவன் பீரோ. தொண்ணூற்றிரண்டு கிலோ, பெயர்க் காரணம் கேட்க வேண்டாம். வேகமாக ஓடி வந்தான், கடைசி எட்டில் தயங்கினான், திண்டின் மேல் சாய்ந்தான்.

"என்னடா, தலையணைன்னு நெனச்சியா?"

"இல்ல சார்."

ஆறு முறையும் அதே கதை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. சனிக்கிழமைப் பட்டியலை எடுத்து, அவன் கண்ணெதிரிலேயே அவன் பெயரை அடித்தேன். அவன் முகம் சுருங்கிப்போனது.

அப்போது வீட்டுக்காரி போன் செய்தாள். முழங்காலை டாக்டரிடம் காட்ட நேரம் வாங்கிவிட்டாளாம். திண்டைத் தலைமைப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு வேலியோரம் நின்று பேசினேன். பீரோ அவர்மேலும் மூன்று முறை சாய்ந்தான்.

"நான் என்ன கண்ணாடியாடா? மோது," என்று அவர் கத்தினார்.

நாலாவது முறை 'தொம்' என்று சத்தம். தலைமைப் பயிற்சியாளர் புல்லில் மல்லாந்து கிடந்தார். மேலே திண்டு, அதற்கும் மேலே பீரோ. தோள், தலை, கால் எல்லாம் நான் சொன்ன இடத்தில்தான் இருந்தன.

நான் திரும்பி வந்ததும் பையன்கள் எல்லாரும் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

"பீரோ, என்னடா இது?"

"ரெண்டு மாசம் முன்னாடி நான் மோதி விழுந்தீங்கல்ல சார். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் திரும்பி முட்டியப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. அன்னைக்கே பேசி வெச்சுக்கிட்டோம், சார்கிட்ட மெதுவாத்தான் போகணும்னு."

"சரி, மேட்ச்ல எதுக்குடா மெதுவாப் போனீங்க?"

"வேணும்னு செய்யல சார். பழகிடுச்சு."

அவமானமாக இருந்தது. என்மேல் வைத்த இரக்கத்தைத் தினமும் ஆளுக்குப் பத்து நிமிடம் பயிற்சி செய்திருக்கிறார்கள். சனிக்கிழமை கோட்டைவிட்ட அந்தப் பதினேழையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பீரோவின் பெயரைத் திரும்ப எழுதிப் பட்டியலைத் தலைமைப் பயிற்சியாளரிடம் நீட்டினேன்.

"தப்பு என்னோடதுதான் தம்பி. ஸ்கூல்ல அப்படியே சொல்லிடுங்க. சனிக்கிழமை வரைக்கும் திண்ட நீங்க புடிங்க."

"நீங்க?"

"பக்கத்துல நின்னு சொல்றேன்."

திரும்பினால் எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிடந்தது. எவன் கொண்டுவந்து போட்டான் என்று கேட்கவில்லை. உட்கார்ந்துகொண்டேன்.