எழுபத்து மூன்றாம் கேசட்டுக்கு ஒரு குறிப்பு

1

அந்தக் கேசட் சேதமான அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு யாரும் வந்து இல்லை என்று சொல்லக் கூடாது.

ராஜமாணிக்கம்: திருவண்ணாமலையில் மூன்று தலைமுறையாக மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் குடும்பத்தின் மூத்தவர். (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்.) அவர் மனைவி சரசு. தம்பி கலையரசன், மைக் செட் கடைக்காரன். மகள் அபிநயா, அன்று அவளுக்குத்தான் பூ வைத்து நிச்சயம் செய்தார்கள். பூ வைக்க வந்த சம்பந்தி பலராமன், கீழ்பென்னாத்தூர். அடுக்களையில் பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்த கஸ்தூரி அம்மா. இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர், அங்கே ஒரு வானொலி நிலையத்தில் இசை நூலகர். வாசலில் பக்கத்து வீட்டு ஆடு. சம்பந்தியோடு வந்த நால்வர் மாடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சேர்த்தி இல்லை. ஆட்டைச் சேர்ப்பதா என்று யோசித்தாயிற்று. அதன் குரல் கேசட்டில் தெளிவாக இருக்கிறது. இருக்கட்டும்.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கஸ்தூரி அம்மா மண்டிக்கு வந்து, உள்ளங்கை அளவு அட்டை ஒன்றை ராஜமாணிக்கத்தின் முன்னால் வைத்தார். அவருடைய நூற்றிருபது கேசட்டுகளுக்கும் தனித்தனி அட்டை உண்டு. இது எழுபத்து மூன்றாவது. 'சேதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் இரண்டு வரி காலியாக இருந்தது.

"இதை நீங்கள் எழுதித் தாங்கோ அண்ணை. வெள்ளிக்கிழமைக்குள்ளை வேணும்."

"இன்னான்னு எழுதுறதும்மா?"

"நடந்ததைத்தான். கதை வேண்டாம். ரெண்டு வரி காணும், கூடத் தேவையில்லை."

நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு வரிதான். கொஞ்சம் நீண்டுவிட்டது.

(ஒரு விஷயம். இதை எழுதுகிறவரும் ராஜமாணிக்கமும் ஒருவரே. எங்கள் வீட்டில் 'நாங்கள்' உண்டு. 'நான்' என்று சொல்லிக்கொண்டு யாரும் முன்னால் வந்து நிற்பதில்லை. அந்த வழக்கம் இங்கேயும் காக்கப்படும், முடிந்தவரை.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"1990-ஆம் ஆண்டு, கொந்தளிக்கும் கடலில், குண்டு மழைக்கு நடுவே, பெற்ற பிள்ளையைப் போல நான்கு பிஸ்கட் டின்களை மார்போடு அணைத்தபடி ஒரு பெண்—"

செவ்வாய்க்கிழமை இதை வாசித்துக் காட்டியபோது கஸ்தூரி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடல் அண்டைக்குக் குளம் மாதிரிக் கிடந்தது அண்ணை. குண்டுமில்லை, ஒண்டுமில்லை. டின்னை நான் ஏன் அணைக்கிறன்? அதுக்கு மேலைதான் இருந்து வந்தனான். படகிலை இருக்க வேறை இடமில்லை."

அடித்தாயிற்று. உண்மை இவ்வளவுதான். மற்றவர்கள் நகையும் துணியும் எடுத்துக்கொண்டு வந்த படகில் அவர் நான்கு டின் கேசட் கொண்டுவந்தார். மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்திருந்தார். நிலையத்தில் இருந்த பெரிய ஒலிநாடாக்களிலிருந்து, மேலதிகாரியின் கையெழுத்திட்ட அனுமதியோடு, பதினோரு வருடம் மதிய இடைவேளைகளில் படியெடுத்தவை அவை. கூத்துப் பாட்டு, தாலாட்டு, அறுவடைப் பாட்டு, கோயில் தவில், வலை இழுக்கிறவர்கள் பாடுவது. மூல நாடாக்கள் பிறகு என்ன ஆயின என்று அவருக்குச் செய்தி இல்லை. நாற்பத்தொன்றிலிருந்து எழுபது வரை சிங்களப் பாட்டுகள்.

கலையரசன் அதைக் கேட்டே விட்டான். "இன்னாக்கா, அவங்க பாட்டையும் சேத்துத் தூக்கினு வந்துட்ட?"

"விட்டிட்டு வந்தால் இலக்கம் குழம்பும் தம்பி. நாற்பதுக்குப் பிறகு எழுபத்தொண்டு எண்டோ எண்ணுறது?"

அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் வாழ்நாளில் அது நடந்தது இரண்டு முறை. இன்னொன்று பின்னால் வரும்.

3

அடி அண்ணாமலைப் பக்கம் அகதிகள் முகாம். தகரக் கூரை. சித்திரை வெயிலில் கேசட் அப்பளம் போல வளைந்துவிடும். டேப் ரிக்கார்டரின் தலையைத் துடைக்க மருந்து கேட்டுக் கலையரசன் கடைக்கு வந்த கஸ்தூரி அம்மாவை அவன் மண்டிக்கு அழைத்துவந்தான். அந்த அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"விதையை எங்கை வைக்கிறனீங்கள்?"

அவ்வளவுதான். அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு இடம் கொடுக்காமல் இருக்க ராஜமாணிக்கத்தால் முடியவில்லை. விதை மல்லாட்டை வைக்கும் உள் அறை வீட்டிலேயே குளிர்ந்தது, ஈரம் அண்டாதது. அங்கே மரப் பலகை அடித்து டின்களை வைத்தார்கள். இங்கே ராஜமாணிக்கம் ஒரு வார்த்தை சொன்னார். அதை மறக்காமல் எழுத வேண்டும், கதைக்கு அது வேண்டும்: "எங்க வூட்ல வெச்ச பொருள் வெச்ச மாதிரியே திரும்பி வரும்மா."

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தையிலும் ஆடியிலும், எல்லாக் கேசட்டையும் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். கரண்ட் நிலைக்காத ஊரில் இது பென்சில் வேலை. பல்சக்கரத்தில் பென்சிலை நுழைத்து உட்கார்ந்து சுற்ற வேண்டியதுதான். எங்கள் வீட்டுக்கு அந்த மாதங்களில் யார் வந்தாலும் காப்பி ஒரு கையில், கேசட் ஒரு கையில். ரேஷன் கார்டு விசாரிக்க வந்தவர்கூட மூன்று சுற்றிவிட்டுப் போனார்.

கஸ்தூரி அம்மாவைப் பொறுமைசாலியாக எழுதலாமா என்று இங்கே ஒரு சந்தேகம் வருகிறது. கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஈரக் கையோடு யாராவது கேசட்டைத் தொட்டால் அவர் போட்ட சத்தம் மண்டியில் மூட்டை இறக்குகிறவர்களை நிறுத்தியது. ஆகவே பொறுமைசாலி இல்லை.

இன்னும் ஒரு விவரம். அவர் கேசட்டின் மேல் காகிதம் ஒட்ட மாட்டார். வெயிலில் பசை உருகி உள்ளே போகும் என்பார். எண் எல்லாம் பெட்டியின் மேல்தான். கேசட்டில் ஊசியால் கீறிய சின்னஞ்சிறு எண் மட்டும். அதனால் கலையரசன் வீட்டில் ஒரு சட்டம் போட்டான்.

"மேல ரெண்டு ஓட்டை இருந்தா அக்காளுது. ஓட்டை இல்லாங்காட்டி நம்மளுது."

கேசட்டின் முதுகில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. ஓட்டை திறந்திருக்கும்வரை மெஷினில் பொத்தான் இறங்காது. கஸ்தூரி அம்மா எல்லாவற்றையும் தன் கையால் உடைத்திருந்தார்.

இந்தச் சட்டம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரைத் தவிர. சட்டம் போட்ட அன்று அவர் கீழ்பென்னாத்தூருக்கு லோடு விஷயமாகப் போயிருந்தார்.

4

"1996-ஆம் ஆண்டு போகிக்கு முதல் நாள், ராஜமாணிக்கம் நல்லெண்ணத்தோடு—"

நல்லெண்ணத்தோடு என்ற சொல்லை எடுத்தாயிற்று. அது வாசிக்கிறவர் முடிவு செய்ய வேண்டியது.

வெள்ளையடிப்பதற்காக விதை அறையை ஒழித்தார்கள். கஸ்தூரி அம்மா அந்த வாரம் முகாமில். டின்களைத் திறந்து தூசி தட்டும்போது ராஜமாணிக்கம் முதல்முறையாகக் கேசட்டுகளின் முதுகைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை. நூற்றிருபதுக்கு இருநூற்று நாற்பது. அத்தனையும் உடைந்திருக்கின்றன, எங்கள் கூரையின் கீழ்! எலியா, தம்பியின் கவனக்குறைவா? கேட்கலாம். கேட்டால் விஷயம் வெளியே போகும். வெச்ச மாதிரியே திரும்பி வரும் என்று சொன்ன வாய் என்ன ஆவது?

கதவைச் சாத்திக்கொண்டார். செலோடேப்பை அளவுகோல் வைத்து வெட்டி, ஒரு முழுப் பிற்பகலும் இருநூற்று நாற்பது ஓட்டைகளையும் அடைத்தார். ஒன்றுகூடக் கோணல் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை, செய்த உபகாரத்தைச் சொல்லிக்காட்டுவது எங்கள் வழக்கம் இல்லை.

5

பத்து நாள் கழித்துப் பூ வைக்க வந்தார்கள். தை மாதம் அல்லவா, சரசு டின்னைத் திறந்து சம்பந்தியின் கையில் ஒரு கேசட்டையும் பென்சிலையும் கொடுத்துவிட்டாள்.

"தப்பா நினைச்சிக்காதீங்க சம்பந்தி. எங்க வூட்ல இது ஒரு வேலை."

"குடும்மா. சும்மாதானே குந்தினு இருக்கேன்." பலராமன் சிரத்தையாக ஆரம்பம்வரை சுற்றி மேசை மேல் வைத்தார்.

ராஜமாணிக்கம் பேச எழுந்தார். மூன்று தலைமுறை வரலாறு. அபிநயா சித்தப்பாவின் காதில், "அப்பா ஆரம்பிச்சிட்டாரு, பதிவு பண்ணுங்க, என் புள்ளைங்களுக்கு இதைப் போட்டே தூங்க வைக்கலாம்" என்றாள். சரசு சிரித்தாள். கலையரசன் மேசையிலிருந்த கேசட்டை எடுத்து, முதுகை விரலால் தடவிப் பார்த்து, ஓட்டை இல்லை என்று கண்டு, மெஷினில் போட்டான். பொத்தான் இறங்கியது.

முந்திரி வறுத்து முடித்து வெளியே வந்த கஸ்தூரி அம்மா மேசையில் கிடந்த காலிப் பெட்டியைப் பார்த்தார். எண் 73. நேரே போய் மெஷினை நிறுத்தினார்.

"எத்தினை நிமிஷம் ஓடினது?"

ஆடு மட்டும் கத்தியது.

நான்கு நிமிடம் பத்து நொடி. பதினோரு நிமிடப் பாட்டு அது: பத்துப் பேர் கரையில் நின்று வலை இழுக்கும்போது ஒரு கிழவர் முன்பாட்டுப் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடியது. அந்தக் கிழவர் ஒரே ஒரு முறைதான் மைக் முன்னால் பாடினாராம். தொடக்கம் போய்விட்டது. இப்போது அந்தக் கேசட்டைப் போட்டால் ராஜமாணிக்கத்தின் குரல் கணீரென்று வருகிறது: "இந்தக் குடும்பத்திலே இதுவரைக்கும் ஒருத்தர் பொருளுக்கு ஒரு சேதாரம்—" அந்த இடத்தில் பத்துப் பேர் மூச்சைப் பிடித்து வலையை இழுக்கிறார்கள்.

"ஓட்டை இல்லியே! பாத்துட்டுதானே போட்டேன்!" கலையரசன் துடித்துப் போனான்.

கஸ்தூரி அம்மா கேசட்டை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டார். "தம்பியிலை பிழை இல்லை" என்று மட்டும் சொன்னார். பெரிய மனுஷி பெருந்தன்மையாகச் சொல்கிறாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை சரசு மற்ற நூற்றுப் பத்தொன்பதையும் எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஓட்டை இருந்தது.

(இந்தப் பத்தியோடு பிரிவை முடித்திருக்கலாம். வாசிக்கிறவர் புத்திசாலி. இருந்தாலும் எழுதிவிடுவோம்: விடியற்காலையில் எழுந்து எல்லாச் செலோடேப்பையும் உரித்துப் போட்டவர் ராஜமாணிக்கம்.)

6

ஊர் பேச ஆரம்பித்தது. கலையரசன் குடித்துவிட்டு அகதி அம்மாவின் பாட்டை அழித்துவிட்டான் என்றார்கள். அவன் காப்பிகூடக் குடிக்காதவன். கல்யாணத்துக்குப் பதிவு செய்யக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். மைக் மட்டும் கட்டச் சொன்னார்கள். 'ரப்பர்' என்று பெயர் வைத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே கடைப் பலகையில் ஒரு மூலையில் ரப்பர் படம் வரைந்து வைத்தான். அந்தப் படத்தைத் தாண்டித்தான் ஏழு வருடமாக ராஜமாணிக்கம் மண்டிக்குப் போகிறார்.

இப்போது இலங்கையில் சண்டை ஓய்ந்திருக்கிறது. கஸ்தூரி அம்மா அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார். அங்கே ஒரு நூலகம் நூற்றிருபதையும் ஏற்றுக்கொள்ளும். ஒரு நிபந்தனை: சேதமான கேசட்டுக்குக் காரணம் எழுதியிருக்க வேண்டும். காரணம் தெரியாவிட்டால் பூஞ்சையாக இருக்கலாம் என்று தனியே ஒதுக்கிவிடுவார்கள். கிழவரின் மிச்சப் பாட்டு அலமாரிக்கே போகாது.

இனி முடிவுகள்.

முதல் முடிவு சரசுவுடையது. "முகாம்ல கண்ணாயிரம்னு ஒரு மீன்காரப் பெரியவரு இருக்காருங்க. அவரை வுட்டு அந்த நாலு நிமிசத்தைப் பாட வெச்சுடலாம்." நல்ல முடிவு. கண்ணீர்கூட வரும். கஸ்தூரி அம்மா ஒப்பவில்லை. "அவர் பாடட்டும். அது நூற்றிருபத்தோராவது கேசட். எழுபத்து மூண்டு அப்பிடியே இருக்கும்."

இரண்டாவது: எலி. எலிக்குக் குடும்ப மானம் கிடையாது. மேலும் எலி பேச்சைப் பதிவு செய்யாது.

மூன்றாவது கலையரசனுடையது. இன்று வியாழன் மாலை, மண்டியில் மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னான்:

"என் பேரையே எழுதிடுண்ணா. ஊரே சொல்லுது, அந்த நாட்டுக்கும் தெரியட்டுமே. ரப்பர்னு கீழே ஒரு பிராக்கெட் போட்டுடு."

ராஜமாணிக்கம் எழுத ஆரம்பித்தார். "கவனக்குறைவு காரணமாக, வீட்டிலிருந்த ஒருவர், அறியாமல்—" இரண்டு வரி தீர்ந்துவிட்டது. இடம் போதவில்லை. அட்டையைத் திருப்பினார்.

பின்பக்கம் காலியாக இல்லை. ஒரு துண்டு செலோடேப் ஒட்டியிருந்தது, பழுத்து மஞ்சளாகி. கீழே கஸ்தூரி அம்மாவின் பொடி எழுத்து: "ஓட்டையை மூடியிருந்த ஒட்டு. 1996 தை. அளவுகோலால் வெட்டியது. நான்கு முனையும் நேர்." அதற்கும் கீழே: "நான்கு நிமிடம் பத்து நொடி: உரை, மல்லாட்டை வியாபாரி. பின்னணி: பெண்ணின் சிரிப்பு, ஆடு."

இந்த வீட்டில் அளவுகோல் வைத்துச் செலோடேப் வெட்டுகிறவர் ஒருவர்தான். ஏழு வருடமாகத் தெரிந்தும் அந்த அம்மா பெயரை எழுதவில்லை. ஏன் என்று கற்பனை செய்து எழுதும் உரிமை ராஜமாணிக்கத்துக்குக் கிடையாது.

"இதைப் பாருடா" என்று தம்பியிடம் நீட்டினார். கலையரசன் பார்த்தான். முன்னால் சொன்ன இரண்டாவது முறை அதுதான். அவன் வாயில் போட்ட மல்லாட்டையை மெல்லவும் இல்லை.

பிறகு அவன் சிரித்தானா, கோபித்துக்கொண்டானா, கடைப் பலகைப் படத்தை அழித்தானா, நாளைக்குக் கஸ்தூரி அம்மா அட்டையை வாங்கிக்கொண்டு என்ன சொல்லுவார் என்பதையெல்லாம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை அடித்துவிட்டு, மிச்சமிருந்த ஓரத்தில் பொடியாக எழுதியது மட்டும் கீழே:

சேதத்துக்குக் காரணம்: கலையரசன் குடித்துவிட்டு அழித்தான் என்று ஊரில் சொல்வது தவறு. அவன் குடிப்பதில்லை. ஓட்டைகளை அடைத்ததும், மறுநாள் செலோடேப்பை உரித்து மறைத்ததும் நான்.