சீ.எம்.சீ. மாப்பிள்ளை

அடுத்த வீட்டு மரிய கொறற்றிக்கு ஒரே மகள், அனுஷ்கா. அவளுக்கு அரசாங்க வேலைக்காரன்தான் மாப்பிள்ளை என்பது, அவள் ஞானஸ்நானம் வாங்கிய அன்றைக்கே முடிவான விஷயம். பென்ஷன் இல்லாத பொடியன்கள் கேட் வரை வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

போன மாதம் உக்குவளையிலிருந்து ஒரு பேச்சு வந்தது. பொடியன் பெயர் றெக்சன். அவனுடைய பெரியம்மா போனில், "எங்க பொடியன் சீ.எம்.சீ.யில வேல செய்றான்" என்றாளாம். இந்த நாட்டில் சீ.எம்.சீ. என்றால் கொழும்பு மாநகர சபை. வேறென்ன? போனை வைத்த கையோடு மரிய கொறற்றி எங்கள் அலுவிகாரை ஊர் முழுக்க அந்த மூன்று எழுத்தையும் விநியோகித்துவிட்டாள்.

அதற்குள் அனுஷ்காவும் அவனும் வட்ஸ்அப்பில் பேசிப் பழகிவிட்டார்கள். மதிலோரம் நின்று அவள் சிரிக்கிற சிரிப்பு, நான் காது கொடுக்காமலே என் காதில் விழும். தாய்க்கு வேலையைப் பிடித்திருந்தது. மகளுக்கு ஆளைப் பிடித்திருந்தது.

றெக்சனும் பெரியம்மாவும் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். தேத்தண்ணீர்க் கோப்பைகள் என்னுடையவை. அவை போகிற இடத்துக்கு நான் போகாமல் இருப்பது நன்றாகவா இருக்கும்?

பொடியன் பார்க்க லட்சணமாக, கட்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு இருந்தான். மரிய கொறற்றி ஆரம்பித்தாள்.

"அங்க என்ன பகுதி, தம்பி?"

"கலவைப் பகுதி அன்ட்டி. முதல்ல பஞ்சு வரும். அத ஸ்பிரிட்டுல போட்டு..."

"பஞ்சும் ஸ்பிரிட்டுமா!" மரிய கொறற்றி எங்களைப் பெருமையாகப் பார்த்தாள். "சுகாதாரப் பகுதின்னு சொல்லுங்க."

"சுத்தம் முக்கியம்தான் அன்ட்டி. எங்களோடது ஐஸ்கிரீமுக்கெல்லாம் போகுது."

மரிய கொறற்றி விழித்தாள். அவள் புருஷன் ஹெர்பர்ட் கை கொடுத்தார். "தொண்டையில ஒப்பரேஷன் செஞ்சவங்களுக்கு ஐஸ்கிரீம்தான் குடுப்பாங்க. ஒனக்குத் தெரியாதா?"

"கஷ்டமான வேலதான் போல," என்றாள் அவள் உருக்கமாக.

"கட்டிதான் அன்ட்டி பெரிய பிரச்சன. எவ்வளவு கவனமா இருந்தாலும் கட்டி வந்துரும்."

"ஐயோ, பாவமே! கட்டி வந்தா என்ன செய்வீங்க?"

"கரைச்சுப் பாப்போம். கரையாட்டி அப்படியே தூக்கி வீசிருவோம்."

மரிய கொறற்றி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "நோயாளியையா?"

"நோயாளியா? மாவ, அன்ட்டி!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தேன்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. நாவுல பக்கம் ஒரு பெக்டரி. பஞ்சைக் கோஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, ஏதோ அசிட் சேர்த்து, ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைத்து அரைத்தால் ஒரு வெள்ளை மாவு வரும். தண்ணீரில் போட்டால் கஞ்சி மாதிரித் தடிக்கும். ஐஸ்கிரீம், டூத்பேஸ்ட், பெயின்ட் எல்லாவற்றிலும் கலப்பார்கள். பெயர் கார்பொக்சி மெதில் செலுலோஸ். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும் என்பதால் எல்லோரும் சீ.எம்.சீ. என்கிறார்களாம்.

"நீங்க அரசாங்க வேலன்னு சொன்னீங்களே!" என்று மரிய கொறற்றி பெரியம்மாவைப் பிடித்தாள்.

"நான் எங்க சொன்னேன்? சீ.எம்.சீ.ன்னு சொன்னேன். நீங்கதான் 'மாதாவே, நன்றி'ன்னு போன வச்சீங்க."

மரிய கொறற்றி எழுந்து குசினிக்குள் போனாள். பின்னால் அனுஷ்கா போனாள். கோப்பை எடுக்க நானும் போனேன்.

"ஒனக்கு முன்னமே தெரியுமாடி?"

"தெரியும். நீங்க கேட்டா சொல்லியிருப்பேன். எங்க கேட்டீங்க?"

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே! கோயில்ல சொன்னேன், கடையில சொன்னேன். இந்தா நிக்கிறாளே, இவகிட்டயும் சொன்னேன். இவகிட்ட சொன்னா ரேடியோவுல சொன்ன மாதிரி. இப்ப வேணாம்னு அனுப்பினா, ஏன்னு கேக்க மாட்டாளா?"

"கேக்கத்தான் செய்வேன்," என்றேன். பொய் சொல்வானேன்.

அனுஷ்கா தாயின் கையைப் பிடித்தாள். "அம்மா, இவர அனுப்பினீங்கன்னா இன்னொருத்தர் முன்னுக்கு நான் தேத்தண்ணி கொண்டுபோய் நிக்க மாட்டேன். நீங்க சொன்னதுல என்ன பொய் இருக்கு? சீ.எம்.சீ.ன்னுதானே சொன்னீங்க? சீ.எம்.சீ.தானே?"

மரிய கொறற்றி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எந்த முகம் அவளை மாற்றியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சேலையைச் சரிசெய்துகொண்டு ஹோலுக்குத் திரும்பினாள்.

"தம்பி, பென்ஷன் இல்லாட்டியும் சம்பளத்துல ஈ.பி.எஃப். வெட்டுறாங்களா?"

"வெட்டுறாங்க அன்ட்டி. ஈ.டி.எஃப்.பும் இருக்கு."

"கையில அசிட் படாதா?"

"கிளவுஸ் போட்டுத்தான் செய்வோம்."

"அப்ப கையில வச்சிருக்கிற கட்லட்ட சாப்பிடுங்க, மகன்."

தம்பி மகனாகிவிட்டான். அனுஷ்கா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் கேட்டடியில் மெதுவாகக் கேட்டேன்: "அப்ப கல்யாணத்துக்குக் கொழும்பு மேயர் வருவாரோ?"

மரிய கொறற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மேயர் எதுக்கு? கம்பனி டிரெக்டரே வர்றாரு."

பாவம், அந்த மனிதருக்கு இன்னும் விஷயம் தெரியாது.