தகர வேலி

முத்துமீனாவை எனக்குப் பிடிக்காது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அவள் என் வீட்டுக்காரருக்கு அத்தை மகள், கட்டிக்கொள்ள வேண்டிய முறைப்பெண். ஏதோ பேச்சு முறிந்து அவளைக் கப்பலூருக்குக் கொடுத்தார்கள். இவருக்கு விளாங்குடியிலிருந்து என்னைக் கொண்டுவந்தார்கள். அத்தோடு விட்டதா? மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் குவைத்துக்கு லாரி ஓட்டப் போனான். அவன் போன கையோடு, அம்மா வீட்டுக் காட்டைப் பார்க்கிறேன் என்று இவள் திரும்பி வந்துவிட்டாள். திருமங்கலத்தைச் சுற்றி எவ்வளவு நிலம் கிடக்கிறது! அவள் காடு எங்கள் காட்டுக்கு அடுத்துத்தான் இருக்க வேண்டுமா?

"மச்சான், மோட்டாரு எடுக்க மாட்டேங்குது, செத்த வந்து பாருங்களேன்" என்பாள். முறைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த 'மச்சான்' காதில் விழுந்தாலே எனக்கு வயிறு எரியும். இவரும் மண்வெட்டியைப் போட்டது போட்டபடி ஓடுவார். பதினோரு வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய மனுஷன் ஒருநாள் அந்தப் பக்கமே தங்கிவிடுவாரோ என்று பயந்தேன். நிஜமாகவே பயந்தேன்.

அதனால்தான் போன தை மாதம் வேலி போடச் சொன்னேன்.

"கல்லுக்கால் ஊனி கம்பி இழுத்தாப் போதும் புள்ள. காத்து அதுபாட்டுக்குப் போயிரும்" என்றார்.

"கம்பியில ஆடு நுழைஞ்சிரும். தகரந்தான் வேணும்."

ஆடாவது மாடாவது! கம்பிக்குள் கண் நுழையும், அதுதான் என் கவலை. சவுக்குக் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்துக் கொடுத்தார். எனக்கு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடித்தது பாருங்கள் ஒரு காற்று! ரோட்டோரப் புளியமரம் வேரோடு சாய்ந்து, கரண்டும் போய்விட்டது. விடிந்து எழுந்தால் பக்கத்தில் இவரைக் காணோம். வாசலில் சாத்தியிருந்த கடப்பாரையையும் காணோம்.

நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒச்சம்மாள் என்னைப் பார்த்ததும் நின்றாள். "ஒங்க வேலி பூராம் சாஞ்சு கெடக்குடி. ஒன் வீட்டுக்காரன் முத்துமீனா காட்டுல நிக்கிறான், முழங்கா வரைக்கும் சகதி" என்றாள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

நம் வேலி விழுந்து கிடக்கிறது, இந்த மனுஷன் விடிந்ததும் விடியாததுமாக அவள் காட்டில் போய் நிற்கிறாரா? முடியை அள்ளி முடிந்துகொண்டு கிளம்பினேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

அங்கே போய்ப் பார்த்தேன். எங்கள் தகரம் அத்தனையையும் காற்று பிடுங்கி, அவளுடைய வெண்டைச் செடிகள் மேல் அடித்துப் போட்டிருந்தது. பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டிய பிஞ்சுக் காய்கள் சகதியோடு சகதியாக நசுங்கிக் கிடந்தன. தகரத்தின் ஒரு முனையை இவரும் மறுமுனையை அவளும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது, துணியில் ரத்தம்.

அப்போதும் இந்தப் பாழும் மனசு, இரண்டு பேரும் எம்புட்டு நெருக்கத்தில் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் அளந்தது. நடுவில் எட்டடித் தகரம் இருந்தது.

"நகரு, நான் பிடிக்கிறேன்" என்று அவளைத் தள்ளிவிட்டு அந்த முனையைப் பிடித்தேன். இவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசித் தகரத்தையும் வரப்பில் அடுக்கிய பிறகு, "இனிமே கம்பிதான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ மோட்டார் ரூமுக்குப் போனார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

முத்துமீனா என் பக்கத்தில் வந்தாள். "அக்கா, மச்சான்ட்ட சொல்லி தகரமே அடிங்கக்கா."

"ஏன்? மறுபடியும் ஒன் வெண்டைக்காய் மேல விழவா?"

"விழுந்தா விழட்டும்." அவள் எங்கள் வேப்பமரத்தைக் கையால் காட்டினாள். "மத்தியானமானா ரெண்டு பேரும் அந்தா, அங்கன ஒக்காந்து ஒரே தூக்குவாளியில சாப்பிடுவீக. நீங்க கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பினாக்கூட, அவரு ஒரு வாய் உருட்டி நீட்டுவாரு. அதப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்காதுக்கா. அவுக குவைத்துக்குப் போயி மூணு வருசமாச்சு. தகரம் வந்த பொறகுதான் நான் மத்தியானத்துல சாப்பிடவே ஆரம்பிச்சேன்."

சொல்லிவிட்டு, குனிந்து நல்ல காயைத் தேடி எடுக்க ஆரம்பித்தாள். நானும் குனிந்தேன். என் வயிறு ஒன்றுதான் எரிகிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே, சீ!

மத்தியானம் இவர் வழக்கம்போல வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்.

"எந்திரிங்க, மோட்டார் ரூமுக்குப் பின்னாடி போவோம்" என்றேன்.

"அங்க வெயிலாக் கெடக்கு புள்ள. இந்த நெழலுக்கு என்ன?"

"மறுபடி தகர வேலி போடுற வரைக்கும் அங்கதான் சோறு. எந்திரிங்க."