திறந்த தொட்டியில் இருபத்திரண்டு

எனக்குச் சுத்தம் என்றால் கொஞ்சம் பைத்தியம். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி தேய்ப்பவள் நான். அந்தப் பைத்தியம்தான் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வேலையை வாங்கிக் கொடுத்தது என் நாத்தனார். அதே குளத்தில் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். "எங்க வீட்டுப் பொண்ணு, மெஷின்னா பிரிச்சு மேய்ஞ்சிடுவா" என்று சங்கத்தில் அடித்துப் பேசி என்னை உள்ளே நுழைத்தார். சேர்ந்து மூன்றே மாதம். அதற்குள் குளத்துத் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சுற்றறிக்கை. லிஃப்டில் யாராவது தும்மினால்கூட அதற்கு ஒரு நோட்டீஸ் ஒட்டிவிடுவார். திங்கட்கிழமை காலை அவர் ஒரு கம்பெனிக்காரனைக் கூட்டிக்கொண்டு பம்ப் அறைக்கு வந்தார். வந்தவன் ஃபில்டர் தொட்டியின் பக்கவாட்டு வால்வில் இருந்த பிரஷர் மீட்டரைப் பார்த்தான். முள் இருபத்திரண்டில் நின்றது.

"மணல் செத்துப்போச்சு சார். மொத்தமா மாத்தணும், ஒரு மாசம் குளத்தை மூடணும். அப்புறம் எங்க ஆளுங்களே பாத்துக்குவாங்க."

சுற்றறிக்கை என் பக்கம் திரும்பினார். "வியாழக்கிழமை பத்து மணிக்கு சுகாதார அதிகாரி வர்றாங்க. ஆழமான பக்கம் அடியில இருக்கிற வடிகால் மூடி, கரையில நின்னு பாத்தா தெரியணுமாம். தெரியலைன்னா குளத்துக்குப் பூட்டு. அதோட உங்க வேலையும் முடிஞ்சுதும்மா."

வேலை போவது ஒரு பக்கம். என்னை நம்பிச் சங்கத்தில் பேசிய நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மணல் ஃபில்டரில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. பம்ப் குளத்துத் தண்ணீரை இழுத்து, மணல் நிரம்பிய தொட்டிக்குள் தள்ளும். அழுக்கு மணலில் தங்கும், தெளிந்த தண்ணீர் குளத்துக்குத் திரும்பும். அழுக்கு சேரச் சேர அழுத்தம் கூடி முள் ஏறும். இருபதைத் தாண்டினால் வால்வைத் திருப்பி, தண்ணீரைத் தலைகீழாக விட்டு மணலைக் கழுவ வேண்டும். ஒரு மாதமாக அந்த முள் இருபத்திரண்டை விட்டு இறங்கவே இல்லை. நானும் விடவில்லை. காலையில் கழுவினேன், மாலையிலும் கழுவினேன். 'நீயா நானா பார்த்துவிடலாம்' என்று அதனோடு மல்லுக்கு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாகத் தண்ணீரைச் சோதித்தேன். குளோரின் சரியாக இருந்தது. குளத்தின் அடியில் மணல் வந்து விழவில்லை, ஆகவே தொட்டிக்குள் குழாய் எதுவும் உடையவில்லை. மிச்சம் இருந்தது மணல்தான். பம்பை நிறுத்தி, தொட்டியின் மேல்மூடியைக் கழற்றி, முழங்கை வரை கையை விட்டேன். கட்டி இல்லை, பிசுபிசுப்பு இல்லை, பள்ளம் இல்லை. பொலபொலவென்று உதிர்ந்தது. செத்துப்போன மணலா இது? அந்தக் கம்பெனிக்காரன் வாயில் இதை அள்ளிப் போட.

கையைத் துடைத்துக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். மீட்டர் முள் இருபத்திரண்டில் இருந்தது.

பம்ப் ஓடவில்லை. மூடி தரையில் கிடக்கிறது. திறந்து கிடக்கிற தொட்டியில் ஏது அழுத்தம்? மீட்டரை ஒரு தட்டு தட்டினேன். முள் அசையவில்லை. அது என்றைக்கோ மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டிருக்கிறது. கம்பெனிக்காரனும் அதை நம்பினான், சுற்றறிக்கையும் நம்பினார். ஒரு மாதமாக இரண்டு வேளையும் அதன் பேச்சைக் கேட்டு ஆடியவள் நான்தான். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது.

கடைக்கு ஓடிப் புது மீட்டர் வாங்கி வந்து மாட்டினேன். மூடியைப் பொருத்திப் பம்பைப் போட்டேன். முள் பத்தில் நின்றது. மணலில் அழுக்கே இல்லை. கோளாறே அதுதான். பளிச்சென்று கழுவிய மணலில் இடைவெளி அதிகம், பொடித் தூசி நழுவி ஓடிவிடும். கொஞ்சம் அழுக்கு தங்கி அந்தச் சந்துகளை அடைத்தால்தான் பொடியும் சிக்கும். அந்தக் கொஞ்சம் சேர்வதற்குள் நான் கழுவிக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

இனி செய்ய வேண்டியது ஒன்றுதான்: பம்பை ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். என் கையை நான் நம்பவில்லை. பம்ப் அறையின் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை நாத்தனாரிடம் நீட்டினேன்.

"அண்ணி, வியாழக்கிழமை வரைக்கும் நான் அழுது கேட்டாலும் இதைக் குடுக்காதீங்க."

"உனக்கு என்ன ஆச்சு?"

சொன்னேன். என் தப்பையும் சேர்த்தே சொன்னேன். நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுல தேய்க்கிறது பத்தாதுன்னு இங்க மணலையுமா தேய்ச்சே?" என்று கேட்டுவிட்டு, சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

புதன்கிழமை சுற்றறிக்கை வந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கம்பி வழியாக மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ஆள் வருது, நீங்க உக்காந்திருக்கீங்க! கழுவலையா?"

"இல்ல சார்."

"சாவியைக் குடுங்க, நானே கழுவுறேன்."

"அண்ணிகிட்ட இருக்கு. கேட்டு வாங்கிக்கோங்க."

நாத்தனாரிடம் போய்க் கேட்க இந்தக் குடியிருப்பில் யாருக்கும் தைரியம் கிடையாது. சுற்றறிக்கை முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அன்று மதியம் முள் பன்னிரண்டைத் தொட்டது. மாலையில் குளத்தின் மூன்றாவது படி தெரிந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சுகாதார அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். நாத்தனாரும் அவரிடம் நீச்சல் கற்கும் பெண்களும் நீச்சல் உடையில் வரிசையாக நின்றார்கள். அதிகாரி நேராக ஆழமான பக்கம் போய்க் குனிந்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ண ஆரம்பித்தார். அடியில் இருக்கும் மூடியின் கம்பிகளை எண்ணுகிறார் என்று எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. "பதினாலு" என்று முடித்து நிமிர்ந்தார். "கம்பி கம்பியாத் தெரியுது. போன தடவைகூட இவ்வளவு தெளிவா இல்லையே. யாரு ஆபரேட்டர்?"

"நான்தான் மேடம்!" என்றேன். என் குரல் எதிர்க் கட்டிடத்தில் மோதித் திரும்பி வந்தது. பெண்கள் கைதட்டினார்கள். நாத்தனார் விசில் அடித்தார், நிஜமாகவே விரலை வாயில் வைத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது சுற்றறிக்கை என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு நாளா அப்படி என்னதான்மா பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணல சார்" என்றேன். "ஆனா அதைப் பண்றதுக்குள்ள என் உசுரு போயிடுச்சு."

நாத்தனார் சிரித்துக்கொண்டே தண்ணீரில் குதித்தார். பின்னாலேயே எல்லாப் பெண்களும் குதித்தார்கள்.