காலை நீட்டாத மூப்பர்கள்

சிதம்பரம் சபையின் மூப்பர் ராஜாமணிக்குத் தாழ்மை ரொம்ப ஜாஸ்தி. அதைப் பற்றி அவரே வாரம் தவறாமல் சாட்சி சொல்வார்.

கடலூர் சபையின் மூப்பர் சின்னதம்பியோடு அவருக்குப் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. எல்லாம் ஞானஸ்நானத் தண்ணீரால் வந்த வினை. முன்பெல்லாம் இரண்டு சபையாருக்கும் கிள்ளை உப்பங்கழியில்தான் ஞானஸ்நானம். சுனாமிக்குப் பிறகு சனங்கள் கழியில் இறங்கப் பயப்படுகிறார்கள் என்று சின்னதம்பி தன் சபைக்குள்ளேயே டைல்ஸ் ஒட்டித் தொட்டி கட்டினார். தொட்டியில் முங்கினால் அது வெறும் குளியல் என்றார் ராஜாமணி. ராஜாமணிக்கு வேண்டியது ஞானஸ்நானம் இல்லை, பிச்சாவரத்துப் படகு சவாரி என்றார் சின்னதம்பி. அப்புறம் கேட்க வேண்டுமா? இவர் மனந்திரும்ப அவரும், அவர் மனந்திரும்ப இவரும் ஜெபித்தார்கள், அதுவும் மைக்கில்.

இந்த லட்சணத்தில் ராஜாமணியின் மகள் ப்ரீத்தியும் சின்னதம்பியின் மகன் அரசுவும் கட்டினால் ஒருவரையொருவர்தான் என்று நின்றார்கள். இரண்டு சபைக்கும் பொதுவான பாஸ்டர் நல்ல மனிதர், பாவம். பெரிய வியாழனன்று கடலூரில் நடக்கும் பாதம் கழுவும் ஆராதனையில் மூப்பர்கள் ஒருவர் காலை ஒருவர் கழுவி ஒப்புரவாகட்டும், ஞாயிற்றுக்கிழமையே கல்யாணத்தை அறிவிக்கிறேன், இல்லாவிட்டால் என் வாயால் அறிவிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ப்ரீத்திக்கு உயிர் வந்தது. வியாழன் காலை அப்பாவை உட்கார வைத்து, பித்தவெடிப்பெல்லாம் போகப் பாதத்தைத் தேய்த்து, நகமும் வெட்டிவிட்டாள். ராஜாமணிக்கோ தன் காலைப் பற்றி நினைப்பே இல்லை. கழுவுகிறவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் துண்டு புதுசாகக் கிடைத்ததா என்பதுதான் கவலை.

ஆராதனையில் நாற்காலி போட்டு, பேசினில் தண்ணீர் வைத்தார்கள். பாஸ்டர் கண்ணைக் காட்டியதுதான் தாமதம், ராஜாமணி பாய்ந்து முட்டி போட்டார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே சின்னதம்பியும் முட்டி போட்டிருக்கிறார். அவர் இடுப்பிலும் புதுத் துண்டு.

“உக்காருங்க பிரதர், நான்தான் மொதல்ல கழுவுவேன்” என்றார் ராஜாமணி.

“நீங்க உக்காருங்க. கர்த்தரு என்னையத்தான் தாழ்த்திக்கச் சொல்லியிருக்காரு” என்றார் சின்னதம்பி.

முதலில் கழுவுகிறவன் தாழ்மையுள்ளவன், காலைக் கொடுக்கிறவன் தோற்றவன். இரண்டு மகான்களுக்கும் அதுதான் வேதம். பேசினை இவர் இழுக்க, அவர் இழுக்க, தண்ணீர் மொத்தமும் பாஸ்டரின் வெள்ளை வேட்டியில் கொட்டியது. நாற்காலி காலியாகவே கிடந்தது. பாஸ்டர் வேட்டியைப் பிழிந்துகொண்டே ஆசீர்வாதம் சொல்லி எல்லோரையும் அனுப்பிவைத்தார். கல்யாண அறிவிப்பைப் பற்றி மூச்சே விடவில்லை.

சிதம்பரம் பஸ்ஸில் ராஜாமணி பூரித்துப்போய் மகளிடம் சொன்னார்: “பாத்தியாம்மா, அவன் முட்டி தரையில படுறதுக்கு முன்னாடி என் முட்டி பட்டுடுச்சு.”

ப்ரீத்தி அவர் பாதங்களைப் பார்த்தாள்.

“கால நீட்டியிருந்தா போதும்ப்பா. அதுக்குத்தான் தேச்சு உட்டேன்” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

ராஜாமணிக்கு மனசு கேட்கவில்லை. பெற்ற பிள்ளை அழுகிறதே! உடனே கண்ணை மூடி, சின்னதம்பியின் பெருமையைக் கர்த்தர் உடைத்தெறிய வேண்டும் என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி ஜெபிக்க ஆரம்பித்தார்.