வெள்ளைக்கோட்டு வில்லன்

மாலையை உயர்த்திய சத்தியபாமாவின் கை, படத்துக்கு நேரே வந்ததும் அந்தரத்தில் நின்றது.

சவப்பெட்டியின் தலைமாட்டில், முக்காலிப் பலகையின் மேல் இருந்தது படம். வெள்ளைக் கோட்டு, சரித்து வைத்த தொப்பி, விரலிடுக்கில் சுருட்டு, நூல் பிடித்த மாதிரி மீசை. மகேந்திரராஜாவேதான். ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அவளுடைய புருஷன் இல்லை.

“ஆர் இதை வைச்சது?”

இந்திரகுமார் முன்னே வந்தான். 1978இல் மெல்பேர்ணில் கிளென் வேவர்லிப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் ஏழு. கலியாணமோ சாவோ, ஏழுக்கும் பொறுப்பு அவன்தான். ஒருவரும் கொடுக்காத பொறுப்பு.

“உங்கட அல்பத்தில இருந்துதான் அக்கா. அண்ணை மற்றாக்களைத்தானே படமெடுப்பார், தான் ஒண்டிலயும் நிக்கிறதில்லை. கோட்டு சூட்டோட கிடந்தது இது ஒண்டுதான். சிற்றியில குடுத்துப் பெருப்பிச்சனான். என்ன எடுப்பு பாருங்கோ!”

“ஒரு மந்திரி மாதிரி,” என்றாள் யோகா, மூக்கைத் துடைத்தபடி. யோகா அழாத செத்தவீடு இல்லை. அழுதுகொண்டே யார் யார் என்ன சேலையில் வந்தார்கள் என்று நோட்டம் விடுவதிலும் அவளுக்குப் பிசகு வந்ததில்லை.

மந்திரி! சத்தியபாமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது சினிமாப் படம். யொகோஹாமாவில் கப்பல் கம்பனி வேலையாய் இருந்த காலத்தில், யப்பான்காரர் எடுத்த சினிமாக்களில் மகேந்திரராஜா ஒன்பது தரம் தலைகாட்டியிருந்தார். ஒன்பதிலும் வெளிநாட்டான். வெளிநாட்டான் என்றால் அந்தப் படக்காரருக்கு மூன்றே வகை: கள்ளக்கடத்தல்காரன், குடித்துத் தள்ளாடும் வெறிகாரன், எலும்பு மாலை போட்ட தீவு ராசா. எந்தத் தீவு என்று கதை எழுதினவனுக்கும் தெரியாது. ராசாவுக்கு இவருடைய கறுப்புப் போதாது என்று முகத்தில் மை வேறு பூசினார்கள். யாழ்ப்பாணத்தானுக்குக் கறுப்புக் காணாது என்று சொன்ன ஒரே தேசம் அதுவாகத்தான் இருக்கும்.

அதைக்கூட அவள் பொறுத்தாள். பொறுக்க முடியாதது பேச்சு. மகேந்திரராஜா பேசினால், ஆளைத் திரும்பிப் பார்க்காதவரை, அங்கே பிறந்தவன் என்றே நினைப்பார்கள். ‘இவ்வளவு வடிவாய்ப் பேசக்கூடாது, வெளிநாட்டான் தத்தித் தத்தித்தான் பேசுவான்’ என்றானாம் டைரக்டர். கண்ணாடிக்கு முன்னால் நின்று, தெரிந்த பாஷையைத் தெரியாதவன் போலப் பேசிப் பழகினார் மனுஷன். அவள் குசினியில் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, சனம் நிக்குது. போடுங்கோ மாலையை.”

“இந்தப் படம் வேண்டாம். எடும்.”

“எடுத்துப்போட்டு வெறும் பலகைக்கோ மாலை போடுறது? இன்னும் கொஞ்ச நேரத்தில பெட்டியை மூடிப்போடுவாங்கள்.”

“துக்கத்தில கதைக்கிறா,” என்று யோகா காதுக்குள் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒகாதா வந்தார். மகேந்திரராஜா மொழிபெயர்ப்பாளராய் இருந்த யப்பான் கம்பனியின் மெல்பேர்ண் மனேஜர். படத்துக்கு முன்னால் இடுப்பு மடிய வணங்கி நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“துறைமுகப் படத்தில் வரும் அயோக்கியன் அல்லவா இவன்,” என்றார் யப்பான் பாஷையில், தனக்குத்தானே சொல்வது போல. “பள்ளிக்கூட நாட்களில் மூன்று தரம் பார்த்தேன். கதாநாயகன் அவனைக் கடலில் தள்ளும்போது தியேட்டரே கைதட்டும். நானும்...”

சத்தியபாமாவுக்கு அந்தப் பாஷை விளங்கும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவருடைய காது சிவந்தது.

“நானும் தியேட்டரில் இருந்து பார்த்தேன்,” என்றாள் அவள், அதே பாஷையில். “அவருக்குப் பக்கத்தில். எல்லாரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.”

“நான்கு வருஷம் எனக்கு எதிர் மேசை. ஒரு நாளும் சொல்லவில்லையே. அவரைப் போலக் கடிதம் எழுத எங்களிலேயே ஒருவருக்கும் வராது.”

“சொல்லியிருந்தால்? அதன் பிறகு கடிதத்தைப் பார்த்திருப்பீர்களா, சுருட்டைப் பார்த்திருப்பீர்களா?”



“என்னவாம் அக்கா?” இந்திரகுமாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அண்ணையைப் புகழுறாரோ?”

“ஓம். கடலில தள்ளினவையாம்.”

மாலையைக் கதிரையில் எறிந்துவிட்டு, படத்தைத் தானே தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். ஆஸ்பத்திரியில் தந்த கடுதாசிப் பை இன்னும் பிரிக்காமல் அவளுடைய கைப்பைக்குள் கிடந்தது. பிரித்தாள். மணிக்கூடு, மூக்குக்கண்ணாடி, கம்பனி வாசலில் காட்டுகிற அட்டை. அட்டையில் முத்திரையளவு முகம். மீசை இல்லை, முன்மண்டை வெளித்திருந்தது, கண் இமைக்கப் போகிற நேரத்தில் அகப்பட்டிருந்தது.

“ஐயோ அக்கா, இது ஒருத்தருக்கும் தெரியாது!”

“தெரியாட்டி குனிஞ்சு பாக்கட்டும்.”

அட்டையைப் பலகையில் சாத்தி வைத்து மாலையைப் போட்டுப் பார்த்தாள். மாலை அதை முழுங்கிவிட்டது. கழற்றினாள். ஒரேயொரு பூவைப் பிய்த்துப் பக்கத்தில் வைத்தாள்.

வரிசை மெதுவாய்த்தான் நகர்ந்தது. மண்டபத்து வெள்ளைக்காரன் வாசலில் நின்று இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தான். யோகா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இந்திரகுமாரும் குனிந்தான். ஒகாதா வாசிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டு, நிலத்தில் முழந்தாளிட்டு, மூக்கு முட்டுகிற அளவுக்கு அட்டைக்குக் கிட்டப் போனார். எழும்ப நேரம் எடுத்தது. பின்னால் நின்றவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.